இதயத் துடிப்பும் கச்சாப் பொருளா?

மனித இதயம் கடிகாரத்தைப் போலத் துடிப்பதில்லை. நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம் நொடிக்கு ஒருமுறை, நூல் பிடித்தாற்போல, துடிப்பதாகவே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் 940 மில்லிநொடி, பிறகு 1,020, பிறகு 980, பிறகு 1,050 என்று ஓயாமல் கூடியும் குறைந்தும் வருகிறது. மூச்சை உள்ளிழுக்கையில் இடைவெளி குறுகுகிறது, வெளிவிடுகையில் நீள்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே மருத்துவம் இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறது. உடலை ஓய்வுக்கு இட்டுச்செல்லும் வேகஸ் நரம்பும், நெருக்கடிக்கு ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகளும் இதயத்தின்மீது நடத்தும் இழுபறியின் சுவடு அது. நெருக்கடி நீடித்தால், உறக்கம் கெட்டால், நோய் தாக்கினால் பொதுவாக இந்த மாறுபாடு குறைகிறது. இதயம் மேலும் மேலும் கடிகாரத்தைப் போல ஆவது நலத்தின் அடையாளம் அன்று.

இது கைக்கடிகார நிறுவனங்கள் கண்டுபிடித்துத் தந்த செய்தியும் அன்று. கருவிலுள்ள சிசு இடர்ப்படும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே துடிப்புகளின் இடைவெளி மாறிவிடுவதை 1965இல் ஹான், லீ என்ற இரு மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். அதே பத்தாண்டில் சோவியத் விண்வெளி மருத்துவர்களான பாரின், பயேவ்ஸ்கி முதலியோர் விண்வெளி வீரர்களின் இதய மின்பதிவுகளிலிருந்து இடைவெளிகளைப் பிரித்தெடுத்து, உடல் எந்த அளவுக்குத் திணறுகிறது என்று கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தனர். 1987இல் கிளைகர் குழுவினர், மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரின் 24 மணி நேரப் பதிவுகளை ஆராய்ந்து, மாறுபாடு 50 மில்லிநொடிக்குக் குறைந்தோர் இறக்கும் இடர், 100 மில்லிநொடிக்கு மேற்பட்டோரைக் காட்டிலும் 5.3 மடங்கு என்று அறிவித்தனர். 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் இணைந்து அளவீட்டு நெறிகளை வகுத்தன. இவை அனைத்தும் பொதுப்பணத்தில், பொது மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்து, ஆய்விதழ்களில் எல்லோர்க்கும் அறிவிக்கப்பட்ட அறிவு. இன்று அதே அறிவு, வணிக இரகசியம் என்ற முத்திரையோடு நமக்கே விற்கப்படுகிறது.

தொழிலாளர் இயக்கத்தினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது லண்டனில் நடந்த வைட்ஹால் இரண்டாம் ஆய்வு. 1985 முதல் 1988 வரை 10,308 அரசு ஊழியர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டனர். சுரங்கத் தொழிலாளர்களோ ஆலைத் தொழிலாளர்களோ அல்லர். எல்லோரும் நிரந்தரப் பணியில் இருந்து அலுவலக மேசையில் உழைப்பவர்கள். ஆயினும் பதவிப் படிநிலையில் கீழே செல்லச் செல்ல இதயத் துடிப்பு மாறுபாடு குறைந்திருந்தது. பணி நெருக்கடி மிகுந்தோரிடமும் மாறுபாடு குறைவு என்பதோடு, பணி நெருக்கடியையும் இதய நோயையும் இணைக்கும் கண்ணிகளுள் அதுவும் ஒன்று என 2008இல் வெளியான அறிக்கை கூறிற்று. மூளையுழைப்பாளர் எனப்படுவோரிடையிலேயே நிலைமை இதுவென்றால், பதவி உயர்வும் ஓய்வூதியமும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியின் இதயம் எப்படித் துடிக்கிறது என்று அறிந்துகொள்வதில் யாருக்கு அக்கறை இருக்க வேண்டும்?

அக்கறை உள்ளவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் மருத்துவர்களும் அல்லர், தொழிற்சங்கத்தாரும் அல்லர்.

திறன் கைக்கடிகாரத்தின் அடிப்பகுதியில் பச்சை ஒளி மின்னுவதைப் பலரும் பார்த்திருப்பர். தோலுக்கடியில் பாயும் குருதி அந்த ஒளியை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகி வடியும்போது திரும்பிவரும் ஒளியின் அளவு மாறுகிறது. அந்த அலையின் முகடுகளைக் கொண்டு துடிப்புகளின் இடைவெளியைக் கடிகாரம் கணிக்கிறது. மார்பில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் மின்பதிவுக்கு இது ஈடாகாது. கையை வீசினால், வார் தளர்ந்தால் முகடு தவறும். அதனால்தான் பெரும்பாலான கடிகாரங்கள் நாம் உறங்கும்போது கிடைக்கும் பதிவையே நம்புகின்றன. தவறின என்று தாம் கருதும் துடிப்புகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கூட்டிக் கழித்து, மறுநாள் காலையில் ஓர் ஒற்றை எண்ணாகவோ, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற ஒரு நிறமாகவோ நம்முன் வைக்கின்றன. எந்தத் துடிப்புகள் நீக்கப்பட்டன, எதனால் நீக்கப்பட்டன என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை.

இதிலென்ன குடிமூழ்கிப் போயிற்று என்று கேட்போருக்காக ஒரு சிறு கணக்கு. ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 300 துடிப்புகள். அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாடு சராசரியாக 30 மில்லிநொடி என்று கொள்வோம். வழக்கில் உள்ள ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற அளவீடு இந்த வேறுபாடுகளை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுப்பது. இப்போது ஒரே ஒரு துடிப்பைக் கருவி தவறவிட்டுவிட்டது. ஒரு நொடியாக இருக்க வேண்டிய இடைவெளி அவ்விடத்தில் இரண்டு நொடியாகப் பதிவாகிவிட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் 30 என்று வர வேண்டிய விடை ஏறக்குறைய 87 என்று வரும். முந்நூறில் ஒரு பிழை, விடையை மூன்று மடங்காக்கிவிடுகிறது. மூலத் தரவு, அதாவது ஒவ்வொரு துடிப்பின் இடைவெளியும் வரிசையாகக் கையில் இருந்தால் பள்ளி மாணவர்கூட அந்தப் பிழையைக் கண்டு களையலாம். இறுதி எண் மட்டுமே கையில் இருந்தால் களைய வழியில்லை. 87 என்பது நலமா, நோயா, வார் தளர்ந்ததா என்று கேட்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, ஆப்பிள் கடிகாரம் காட்டும் எண் எஸ்.டி.என்.என். என்ற வேறோர் அளவீடு. பிற நிறுவனங்கள் பலவும் காட்டுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முழத்தையும் படியையும் ஒப்பிடுவதாகும்.

தோலின் நிறம் பற்றியும் ஒரு சொல். விரல்நுனியில் மாட்டும் ஆக்சிஜன் மானிகளும் ஒளியைக் கொண்டே இயங்குகின்றன. குருதியில் ஆக்சிஜன் அபாய அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி இயல்பு என்று காட்டியது வெள்ளை நோயாளிகளிடம் 3.6 விழுக்காடு, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு என 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தியது. பல்லாண்டுகளாக மருத்துவமனைகளில் புழங்கிய கருவி அது. தென்னிந்திய உழைப்பாளியின் வெயிலில் கறுத்த மணிக்கட்டில் பச்சை ஒளி எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது என்று சோதிக்க வேண்டுமானால் மூலத் தரவு வேண்டும். அதைப் பூட்டிவைத்திருப்பவர்களிடம் போய் எப்படிச் சோதிப்பது?

கரமனையில் எங்கள் பகுதித் தோழர் ஒருவர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், மகன் வளைகுடாவிலிருந்து வாங்கியனுப்பிய கடிகாரத்தை அணிந்திருக்கிறார். சில வாரங்களாக அது அவரது ‘உடல் இருப்பு’ குறைவு என்று காட்டிக்கொண்டிருந்தது. துடிப்பு வாரியான பதிவு கிடைத்தால் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதால், அதைச் செயலியிலிருந்து எடுக்க இருவரும் ஒரு மாலை முழுவதும் முயன்றோம். வண்ண வரைபடங்கள் கிடைத்தன, மதிப்பெண் கிடைத்தது, உற்சாகமூட்டும் வாசகங்கள்கூடக் கிடைத்தன. துடிப்புகள் கிடைக்கவில்லை. “தோழரே, முப்பது வருஷம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கணக்குக் காட்டினவன் நான். இவன் கலெக்‌ஷன் தொகையை மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் கட்டைக் காட்ட மாட்டேன் என்கிறானே” என்றார் அவர். இதைவிடத் தெளிவாக இப்பொருளை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லா நிறுவனங்களும் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன என்று சொல்வது நேர்மையாகாது. ஆப்பிள் கடிகாரத்தின் ஏற்றுமதிக் கோப்பில், அது அளந்த குறுகிய நேரங்களுக்காவது துடிப்பு வாரியான பதிவு உண்டு. மார்பில் கட்டும் பட்டைகள் சில இடைவெளிகளை அப்படியே தருகின்றன. கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற கட்டற்ற மென்பொருள், நிறுவனத்தின் மேகக் கணினிக்குப் போகாமலே பல கடிகாரங்களிலிருந்து தரவை இறக்கிக்கொள்ள உதவுகிறது. ஆனால் இவை விலையோ தொழில்நுட்பத் தேர்ச்சியோ உள்ளவர்களுக்கான வழிகள். இரண்டாயிரம் ரூபாய்க் கடிகாரத்தை அணிந்திருக்கும் இளைஞருக்கு அவற்றால் பெரும்பயன் இல்லை.

ஆங்கிலத்தில் ‘ரா டேட்டா’ எனப்படுவதைத் தமிழில் ‘மூலத் தரவு’ என்றும் எழுதுகிறார்கள், ‘கச்சாத் தரவு’ என்றும் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் முதலாவதையே கையாண்டு வந்திருக்கிறேன். ‘கச்சா’ வடபுலத்திலிருந்து வந்த சொல் என்பதோடு, பக்குவப்படாதது என்ற தாழ்வுக் குறிப்பும் அதில் ஒட்டியிருக்கிறது. அரசியல் பொருளாதார நோக்கில் பார்த்தால் இரண்டாவது சொல்லே பொருத்தம் போலும். பருத்தி இங்கிருந்து கச்சாப் பொருளாக மான்செஸ்டருக்குப் போயிற்று. துணியாகத் திரும்பிவந்து நமக்கே விற்கப்பட்டது. நெசவாளி தறியை இழந்தார். இன்று துடிப்பு போகிறது, மதிப்பெண் திரும்பி வருகிறது. கடிகாரத்திற்கு விலை கொடுத்தோம்; மதிப்பெண்ணைக் காண மாதச் சந்தாவும் கேட்கிறார்கள் சிலர். இடையில் சேர்ந்த தரவுக் குவியல் மட்டும் நிறுவனத்தின் மூலதனமாகிறது. ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகுள் 210 கோடி டாலர் தந்து வாங்கியது. 2021 ஜனவரியில் அது நிறைவுற்றது. வெறும் வாருக்கும் கண்ணாடிக்குமா அந்த விலை? உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் பத்தாண்டு நிபந்தனை விதித்துத்தான் ஒப்புதல் தந்தது. அந்த நிபந்தனை ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து மக்களுக்கு மட்டும்; நமக்கில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவிலும், 2019 மசோதாவிலும் உடல்நலத் தரவு தனிக் கவனத்துக்குரிய தரவாக வகுக்கப்பட்டிருந்தது. ஒருவர் தம் தரவைத் தம்முடன் எடுத்துச்செல்லும் உரிமையும் இருந்தது. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டும் காணாமற் போயின. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு குடிமக்களுக்குத் தரும் உரிமை, தம்மைப் பற்றிய தரவின் ‘சுருக்கத்தை’ப் பெறும் உரிமை. சட்டமியற்றியவர்கள் எவ்வளவு கவனமாகச் சொல் தேர்ந்திருக்கிறார்கள் பாருங்கள்! கடிகாரம் தருவதும் சுருக்கம். சட்டம் தருவதும் சுருக்கம். மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தரவுச் சட்டம், இணையத்தோடு இணைந்த எந்தப் பொருளும் உருவாக்கும் மூலத் தரவைப் பயனருக்கு அளித்தாக வேண்டும் என்கிறது. கணித்துப் பெற்ற மதிப்பெண்களை அது கட்டாயப்படுத்தவில்லை. மூலத் தரவையே கட்டாயப்படுத்துகிறது. முதலாளித்துவ ஐரோப்பாவால் இயன்ற அளவுகூட நம் ஒன்றிய அரசால் இயலவில்லை.

அதைவிடக் கொடியது 7ஆம் பிரிவு. வேலைவாய்ப்பின் பொருட்டும், நிறுவனத்துக்கு இழப்போ பொறுப்போ நேராமல் காப்பதன் பொருட்டும், ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே அவரது தரவைக் கையாளலாம் என்று அது இசைவளிக்கிறது. ஊழியரின் களைப்பு நிறுவனத்துக்கு இழப்பில்லையா என்று நாளை ஒரு வழக்குரைஞர் வாதிட்டால் என்ன செய்வோம்?

இதைக் கற்பனை அச்சம் என்று தள்ளிவிட முடியாது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்கள் மாட்டப்பட்டன. கழற்றினாலோ மின்கலம் தீர்ந்தாலோ ஊதியம் வெட்டப்படுவதாகத் தொழிலாளர்கள் குமுறினர். கழிப்பறைக்குச் செல்லவும் அஞ்சுவதாகப் பெண்கள் கூறினர். அக்கடிகாரங்கள் அளந்தது இருப்பிடத்தை, இதயத்தை அன்று. பச்சை ஒளி உமிழும் ஒரு சிறு உணரியைச் சேர்த்துவிட்டால் அந்த இடைவெளியும் அடைபட்டுவிடும். கிடங்குத் தொழிலாளியின் கை எங்கே நகர்கிறது என்று கண்காணிக்கும் வளையத்துக்கு 2018இலேயே அமேசான் காப்புரிமை பெற்றுவிட்டது.

கடிகாரத்தை எதிர்த்துத் தொழிலாளர் நடத்திய போராட்டங்கள் புதியவை அல்ல. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், டெய்லரிய முறைப்படி ஸ்டாப்வாட்ச் கொண்டு வேலையை அளக்க வந்தபோது வார்ப்புத் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தனர். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1915 முதல் அரசுப் படைக்கலச் சாலைகளில் ஸ்டாப்வாட்ச் அளவீட்டுக்கு நிதி ஒதுக்குவதே தடை செய்யப்பட்டது. 2018 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் 55 மாவட்டங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஊதியமும் காப்பீட்டுச் செலவும் முதன்மைக் காரணங்கள். ஆனால் அவர்களைக் கொதிக்கவைத்தவற்றுள் ஒன்று, உடற்பயிற்சிச் செயலியில் புள்ளிகள் சேர்க்காதோர் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற திட்டம். அத்திட்டம் கைவிடப்பட்டது, வேலைநிறுத்தம் 5 விழுக்காடு ஊதிய உயர்வோடு முடிந்தது. நம் நாட்டிலும் நடந்த காலடிகளை எண்ணிக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டங்கள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. இன்று சலுகை என்று வருவது நாளை அபராதம் என்று திரும்பும்.

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடலாமே என்பது நல்லெண்ணம் கொண்ட பலரின் தீர்வு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவீடு நமக்குப் பகையன்று. அளவீட்டின்மேல் யாருக்கு ஆளுகை என்பதே வழக்கு. 1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக நூறு கேள்விகள் கொண்ட படிவம் தயாரித்தபோது, வேலையால் வரும் நோய்களைப் பற்றியும் விபத்துகளைப் பற்றியும் தொழிலாளர்களே எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்த்தார். 1960களில் இத்தாலியின் தூரின் நகரில் இவார் ஒத்தோனே என்ற மருத்துவ உளவியலாளரும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து, ஆலையின் இரைச்சலையும் வெப்பத்தையும் களைப்பையும் தொழிலாளர் குழுக்களே பதிவு செய்யும் முறையை உருவாக்கினர். 1970இல் வந்த இத்தாலியத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தம் உடல்நலப் பாதுகாப்பைத் தம் பிரதிநிதிகள் வழியாகக் கண்காணிக்கும் உரிமையைத் தொழிலாளர்களுக்கு வழங்கியது.

கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் ஆணையர் ஆணை பிறப்பிக்கிறார். நல்ல ஆணை. ஆனால் மூன்றேகால் மணிக்குச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் உடல் மீண்டுவிட்டதா? தார் போடும் தொழிலாளிக்கு மூன்று மணி நேரம் போதுமா? விரும்பி முன்வரும் தொழிலாளர்களின் துடிப்பு இடைவெளிகளை, பெயர் நீக்கி, சங்கத்தின் பொறுப்பில், மருத்துவக் கல்லூரியின் துணையோடு ஒரு கோடை முழுவதும் சேகரித்தால் இக்கேள்விகளுக்குச் சான்றோடு விடை சொல்லலாம். கேரளச் சுமைத்தொழிலாளர் சட்டம் நடைமுறையில் உள்ளது. நல வாரியம் இருக்கிறது. அமைப்புக்குப் பஞ்சமில்லை. நிறுவனம் தரும் வண்ண மதிப்பெண்ணைக் கொண்டு இதைச் செய்ய முடியாது. பேச்சுவார்த்தை மேசையில் அது ஒரு நிமிடம்கூட நிற்காது.

கருவிக்கு எங்கே போவது? கரமனையிலிருந்து வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்துப் பூஜப்புரையில், பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில், ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. இறக்குமதி இதய வால்வு ஏழைக்கு எட்டாக்கனியாக இருந்த காலத்தில், வலியத்தான் தலைமையிலான குழு அங்கேதான் இந்திய வால்வை உருவாக்கியது. முதல் மூன்று வடிவங்கள் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதயத்துக்குள் இருந்து வாழ்நாள் முழுவதும் திறந்து மூட வேண்டிய கருவியைச் செய்த பொது நிறுவனத்திற்கு, மணிக்கட்டில் இருந்து துடிப்பை எண்ணும் கருவி மலையன்று. சிப்பு வேண்டுமா? இதே நகரின் சி-டாக் வேகா நுண்செயலிகளை வடிவமைத்திருக்கிறது. உற்பத்திக்குக் கெல்ட்ரான் இருக்கிறது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இந்நகரில்தான். எச்.எம்.டி. கடிகாரத்தைக் கட்டி வளர்ந்த தலைமுறைக்குப் பொதுத்துறைக் கடிகாரம் என்றால் வியப்பிராது. அதை மூடிய தலைமுறைக்குத்தான் வியப்பு.

அரசிடம் இருந்தாலே தரவு பத்திரம் என்றும் நான் சொல்லவில்லை. 2020இல் கோவிட் காலத்தில் ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு கேரள அரசு செய்த ஏற்பாடு பெரும் சர்ச்சையானது. அடையாளங்களை நீக்கிய பின்னரே நிறுவனம் தரவைத் தொடலாம் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர்த் தரவு அரசின் சி-டிட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அந்தச் சர்ச்சையில் எதிர்க்கட்சிகளின் உள்நோக்கத்தைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். தரவை யாரிடம், எந்த வடிவில், எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்வியைப் பற்றி இன்னும் கூடுதலாகப் பேசியிருக்கலாம்.

தரவுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியப் பிரிவுகள் 18 மாதங்களுக்குப் பின்னரே செயலுக்கு வரும் என்று கால அவகாசம் தரப்பட்டுள்ளது. அவகாசம் நிறுவனங்களுக்காகத் தரப்பட்டது, நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். 11ஆம் பிரிவில் ‘சுருக்கம்’ என்பதை நீக்கி, கருவி பதிவு செய்த மூலத் தரவு முழுவதையும் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவில், கட்டணமின்றி என்று திருத்தக் கோர வேண்டும். 7ஆம் பிரிவின் வேலைவாய்ப்பு விலக்கிலிருந்து உடல்நலத் தரவை அறவே வெளியேற்றக் கோர வேண்டும். சட்டம் திருந்தும்வரை காத்திராமல், நகராட்சித் துப்புரவுப் பணி, கிடங்குப் பணி, உணவு வழங்கும் பணி ஆகியவற்றில் இயங்கும் சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தத்திலேயே ஒரு வரியைச் சேர்க்கலாம்: தொழிலாளியின் உடலில் அணியப்படும் எக்கருவியும் சங்கத்தின் எழுத்து மூலமான இசைவின்றி வேலை நிபந்தனையாகாது, அதன் பதிவு முதலில் தொழிலாளிக்கே சேரும்.